ஏரி, வாய்க்கால் வரைபடத்தை ஊராரே தயாரிக்கலாம்
இலவச மென்பொருளைக் கொண்டு தொடங்கும் முறை

தமிழ்நாட்டில் சுமார் 39,000 ஏரிகளும் கண்மாய்களும் இருக்கின்றன. ஓர் ஏரிக்கு எத்தனை மடை, எந்த மடையிலிருந்து எந்த வாய்க்கால் பிரிகிறது, அது எந்த வயல்களைத் தாண்டி எங்கே முடிகிறது, வரத்து வாய்க்கால் எந்தப் பாலத்தின் அடியில் வருகிறது என்னும் விவரங்கள் பல ஊர்களில் எந்தத் தாளிலும் முழுமையாக இல்லை. நீர்க்கட்டியின் நினைவிலும், ஊர்ப் பெரியவர்கள் இரண்டு மூன்று பேரின் நினைவிலுமே இருக்கின்றன. அவர்கள் காலத்துக்குப் பின் அந்த விவரமும் போய்விடும். பல ஆண்டுகள் தண்ணீர் வராத கிளை வாய்க்கால் ஒன்று வயலோடு சேர்த்து உழப்பட்டுவிட்டால், மீண்டும் ஏரி நிரம்பும் ஆண்டில் கடைமடை விவசாயி தம் பயிருக்குத் தண்ணீர் வந்த வழியைக் காட்ட முடியாமல் நிற்க வேண்டியதுதான்.

வருவாய்த் துறையின் புலப்படத்தில் நிலத்தின் எல்லையும் அளவும் இருக்கும். ஆனால் மடையின் ஷட்டர் உடைந்திருக்கிறதா, வாய்க்கால் எந்த இடத்தில் தூர்ந்திருக்கிறது, கரை எங்கே பலவீனமாக உள்ளது என்பதெல்லாம் அதில் இராது. இவற்றைச் சேகரித்து, ஊராரே ஒரு வரைபடமாக்கி, கைபேசியில் எவரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்க இப்போது முடியும். மென்பொருளுக்குச் செலவு இல்லை. கணினி பழகிய ஓர் இளைஞரும், ஊரின் தண்ணீர்ப் போக்கை நன்கறிந்த ஒரு பெரியவரும் சேர்ந்தால் போதும்.

திறந்த மூல மென்பொருள் என்றால் என்ன?

கணினியை ஒரு வேலைக்கு ஏவும் கட்டளைத் தொகுப்பே மென்பொருள். அந்தக் கட்டளைகளை ஒளிக்காமல், எவரும் படிக்கவும் திருத்தவும் பிறருக்குக் கொடுக்கவும் அனுமதித்து வெளியிடுவது திறந்த மூல மென்பொருள். சொந்த விதையைப் போன்றது இது. அடுத்த போகத்துக்கு எடுத்து வைக்கலாம். பக்கத்து வயல்காரருக்குக் கொடுக்கலாம். ஆண்டுதோறும் விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

ஊர் வரைபடம் தயாரிக்க மூன்று சாதனங்களின் பெயரைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, கியூஜிஐஎஸ். 2002ஆம் ஆண்டு அமெரிக்காவின் அலாஸ்காவில் கேரி ஷெர்மன் என்பவர் தொடங்கியது. படத்தை வரைவதும் அளப்பதும் இதில்தான். இரண்டாவது, ஓப்பன் ஸ்டிரீட் மேப். 2004ஆம் ஆண்டு பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கினார். உலகெங்கும் உள்ள தன்னார்வலர்கள் சேர்ந்து வரையும் உலகப்படம் இது. நம் ஊரின் சாலை, ஆறு ஆகியவற்றை அடியில் காட்டுவதற்கு இது உதவும். மூன்றாவது, லீஃப்லெட். 2011ஆம் ஆண்டு வெளிவந்தது. படத்தை இணையத்தில் விரலால் நகர்த்தவும் பெரிதாக்கவும் வகை செய்வது இதுவே.

இணைய வரைபடம் என்றதும் ஜியோசர்வர், மேப்சர்வர் போன்ற பெரிய மென்பொருள்களை நிறுவச் சொல்வோரும் உண்டு. அவையும் இலவசமே, நல்லவையே. ஆனால் இரவும் பகலும் ஓடும் தனிக் கணினியும், அதைக் கவனிக்க ஓர் ஆளும் அவற்றுக்கு வேண்டும். பத்து சென்ட் கத்திரித் தோட்டத்தைக் கொத்துவதற்கு டிராக்டர் தேவையில்லை. ஒரு மாவட்டம் முழுவதற்கும் படம் தயாரித்து, பலர் ஒரே நேரத்தில் திருத்தும் நிலை வரும்போது அவற்றைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும், ஜியோசர்வரை நிறுவியவுடன் அதனோடு வரும் பொதுக் கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும். அந்தச் சொல் உலகறிந்தது. மாற்றாவிட்டால் கதவைத் திறந்து போட்டது போலாகும்.

முதல் வேலை நடையே

கணினியைத் தொடுமுன் ஏரியைச் சுற்றி நடக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம், இடங்காட்டும் வசதியுள்ள கைபேசி, துணைக்குப் பெரியவர் ஒருவர், இவ்வளவே தேவை. கரை, மடை, கலிங்கு, வரத்து வாய்க்கால், வாய்க்கால் பிரியும் இடம், தூர்ந்த இடம், பொதுக் கிணறு ஒவ்வொன்றிலும் நின்று, கைபேசி காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறிக்க வேண்டும். புள்ளிக்குப் பின் 5 இலக்கங்கள் போதும். ஐந்தாம் இலக்கத்தில் 1 மாறினால் தரையில் சுமார் 1.1 மீட்டர் நகரும். அதற்கு மேல் எழுதுவதால் பயன் இல்லை.

நோட்டில் ஏழு பத்திகள் இருக்கட்டும்: வரிசை எண், இடத்தின் பெயர், வகை, அட்சரேகை, தீர்க்கரேகை, இப்போதைய நிலை, பார்த்த தேதி. இடத்தின் பெயரை ஊரார் வழங்கும் பெயராலேயே எழுத வேண்டும். நடுமடையை 'மடை எண் 2' என்று எழுதினால் நாளை ஊரில் ஒருவருக்கும் விளங்காது. தேதியை விடக் கூடாது. தேதியில்லாத குறிப்பு, எந்தப் பட்டத்தில் விதைத்தது என்று தெரியாத பயிரைப் போன்றது.

கைபேசியின் இடங்காட்டி எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதை முன்கூட்டியே அறிந்துகொள்வது நல்லது. திறந்த வெளியில் சுமார் 5 மீட்டர் முன்பின் இருக்கும். புளியமரத்தின் அடியிலோ, கட்டடத்தின் அருகிலோ இன்னும் கூடும். ஒரு சென்ட் நிலத்தைச் சதுரமாக்கினால் ஒரு பக்கம் சுமார் 6.4 மீட்டர்தான் வரும். ஒரு ஏக்கரைச் சதுரமாக்கினால் ஒரு பக்கம் சுமார் 63.6 மீட்டர். அந்த ஒரு பக்கத்தை மட்டும் 5 மீட்டர் தள்ளிப் போட்டால் ஏறக்குறைய 8 சென்ட் கூடவோ குறையவோ செய்யும். ஆகவே மடையையும் வாய்க்காலையும் காட்டக் கைபேசி போதும். வரப்புத் தகராறைத் தீர்க்க அது உதவாது.

கணினியில் ஏற்றுதல்

8 ஜி.பி. நினைவகம் உள்ள சாதாரணக் கணினியில் கியூஜிஐஎஸ் தாராளமாக ஓடும். அதன் சொந்த இணையதளத்திலிருந்தே இறக்கிக்கொள்ள வேண்டும். அங்கே இரண்டு வகை இருக்கும். புதிய வசதிகளுடன் அடிக்கடி மாறும் பதிப்பு ஒன்று. நீண்ட நாள் ஆதரவுப் பதிப்பு மற்றொன்று. புதிதாகப் பழகுவோர் இரண்டாவதை எடுத்துக்கொள்வதே நல்லது.

நோட்டில் உள்ள பட்டியலை முதலில் கணினியில் தட்டெழுத வேண்டும். அதைச் சி.எஸ்.வி. என்ற வகைக் கோப்பாகச் சேமிக்கும்போது, எழுத்து முறை யு.டி.எஃப்.-8 என்று இருக்க வேண்டும். இல்லையேல் 'நடுமடை' என்று எழுதிய இடத்தில் கேள்விக்குறிகளும் பொருளற்ற கிறுக்கல்களுமே தெரியும். மென்பொருள் கெட்டுவிட்டதோ என்று அஞ்ச வேண்டாம்; பட்டியலை மறுபடி சரியாகச் சேமித்தால் தமிழ் ஒழுங்காக வரும்.

கியூஜிஐஎஸ்ஸைத் திறந்து, இடப்பக்கப் பட்டியலில் எக்ஸ்.ஒய்.இசட். டைல்ஸ் என்பதன் கீழ் உள்ள ஓப்பன் ஸ்டிரீட் மேப்பை இரு முறை சொடுக்கினால் உலகப்படம் வரும். பிறகு 'லேயர்' பட்டியலில் 'ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர்' என்பதைத் தேர்ந்து, நம் பட்டியலைக் காட்ட வேண்டும். எக்ஸ் என்ற கட்டத்தில் தீர்க்கரேகையையும், ஒய் என்ற கட்டத்தில் அட்சரேகையையும் கொடுக்க வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து மடை ஒன்று அட்சரேகை 10.78, தீர்க்கரேகை 79.13 என்ற அளவில் இருக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டால் அந்த மடை, வட துருவத்துக்கு அருகே நார்வே நாட்டுக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிப் போய் நிற்கும். ஊர்ப் புள்ளிகள் படத்தில் காணவில்லை என்றால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

புள்ளிகள் சரியாக விழுந்த பின் வாய்க்கால்களைக் கோடுகளாகவும், ஏரியையும் ஆயக்கட்டையும் பரப்புகளாகவும் வரையலாம். ஒவ்வொரு வகையையும் தனித்தனி அடுக்காக வைக்க வேண்டும். எண்ணெய்த் தாள்களில் தனித்தனியே வரைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது போன்றது இது. வேண்டிய அடுக்கை மட்டும் காட்டி மற்றதை மறைக்கலாம். எல்லா அடுக்குகளையும் ஜியோபேக்கேஜ் என்ற ஒரே கோப்பில் சேமித்தால் எடுத்துச் செல்வது எளிது. கியூஜிஐஎஸ்ஸின் திட்டக் கோப்பில் படம் இருப்பதில்லை. படம் எங்கே இருக்கிறது என்ற குறிப்பு மட்டுமே இருக்கும். திட்டக் கோப்பை மட்டும் நகல் எடுத்து வேறு கணினிக்குக் கொண்டு போனால், பத்தாயத்தை விட்டுச் சாவியை மட்டும் எடுத்துப் போன கதையாகும். திட்டக் கோப்பையும் ஜியோபேக்கேஜையும் ஒரே உறையில் வைத்து, உறையோடு நகல் எடுக்க வேண்டும்.

பரப்பளவில் கவனம்

உருண்டையான பூமியைத் தட்டையான திரையில் விரிக்கும்போது அளவு மாறும். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்க்கேட்டர் என்ற முறையில் விரிக்கப்பட்டவை. அந்தத் தட்டைப் படத்தை அப்படியே அளந்தால், தஞ்சாவூர் அட்சரேகையில் 100 சென்ட் நிலம் சுமார் 103½ சென்ட்டாகத் தெரியும். சென்னைப் பக்கத்தில் 105 சென்ட்டுக்கும் சற்று மேலே போகும். நிலம் வளரவில்லை, படம்தான் விரிந்திருக்கிறது.

பரப்பளவு கணக்கிடுமுன், படத்தை யு.டி.எம். என்ற முறைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். தீர்க்கரேகை 78-க்குக் கிழக்கே உள்ள சென்னை, திருச்சி, தஞ்சாவூர், மதுரை போன்ற ஊர்களுக்கு 44 வடக்கு மண்டலம். அதற்கு மேற்கே உள்ள கோவை, திருநெல்வேலி, நாகர்கோவில் போன்ற ஊர்களுக்கு 43 வடக்கு மண்டலம். பட்டியலில் இவை முறையே 32644, 32643 என்ற எண்களில் இருக்கும். கணினி சதுர மீட்டரில் சொல்லும் விடையை 40.47 ஆல் வகுத்தால் சென்ட் கணக்கு கிடைக்கும்.

இணையத்தில் வைத்தல்

கியூஜிஐஎஸ்ஸில் பிளக்இன் எனப்படும் துணைக்கருவிகளைச் சேர்க்கலாம். அவற்றுள் கியூஜிஐஎஸ்-2-வெப் என்பதைத் தேடிச் சேர்த்தால், 'வெப்' என்ற பட்டியலில் அது வந்து அமரும். அதைத் திறந்து, லீஃப்லெட் என்பதைத் தேர்ந்து, காட்ட வேண்டிய அடுக்குகளைக் குறித்து, 'எக்ஸ்போர்ட்' பொத்தானை அழுத்தினால் ஓர் உறை தயாராகும். அதனுள் இருக்கும் 'இண்டெக்ஸ்' என்ற கோப்பைச் சொடுக்கினால், நம் படம் இணையத்தில் எப்படித் தெரியுமோ அப்படி நம் கணினியிலேயே திறக்கும்.

இந்த நிலையில் சில நாள் வைத்துப் பார்ப்பது நல்லது. ஊர்க் கூட்டத்தில் காட்டிப் பிழை திருத்தலாம். பெரியவர்கள், "அந்த வாய்க்கால் கோவிலுக்குத் தெற்கே அல்லவா போகும்?" என்று கேட்டால், மறுநாள் நேரில் போய்ப் பார்த்துத் திருத்த வேண்டும். பிழை நீங்கிய பிறகு அந்த உறையை இணையத்தில் ஏற்றலாம். எவரும் பார்க்கத்தக்க கோப்புகளை இலவசமாக வைத்துக்கொள்ள கிட்ஹப் பேஜஸ் போன்ற இடங்கள் உள்ளன. அவை கொடுக்கும் முகவரியைக் கைபேசியில் அனுப்பினால் ஊரார் எல்லாரும் பார்க்கலாம்.

ஓப்பன் ஸ்டிரீட் மேப்பை அடியில் காட்டும்போது, படத்தின் மூலையில் அதன் பங்களிப்பாளர்களின் பெயர்க் குறிப்பு இருக்க வேண்டும். அது உரிம நிபந்தனை, நீக்கக் கூடாது. கூகுள் மேப் போன்ற தனியார் படங்களைப் பார்த்து வரைந்து ஓப்பன் ஸ்டிரீட் மேப்பில் சேர்ப்பதும் கூடாது. நடந்து அறிந்ததைச் சேர்ப்பதற்குத் தடை இல்லை.

இந்தியர்கள் முன் அனுமதியின்றி வரைபடம் தயாரிக்கலாம் என்று மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2021 பிப்ரவரி 15-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் கூறுகின்றன. பாதுகாப்பு தொடர்பான இடங்களைக் குறிப்பதற்கு மட்டும் கட்டுப்பாடு உண்டு. ஏரிக்கும் வாய்க்காலுக்கும் அந்தத் தொல்லை இல்லை.

எதைக் காட்டக் கூடாது?

இணையத்தில் ஒருமுறை வெளியிட்டதைத் திரும்பப் பெற முடியாது. யார் நகல் எடுத்தார் என்று தெரியாது. ஆகவே மடை, கலிங்கு, வாய்க்கால், பொதுக் கிணறு போன்ற ஊர்ப் பொதுச் சொத்துகளை மட்டுமே வெளியிட வேண்டும். தனியார் கிணற்றின் ஆழம், ஊற்று, நிலத்துக்குரியவர் பெயர், கைபேசி எண், யார் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்பவற்றைச் சம்மதம் இன்றி வெளியிடக் கூடாது. எந்தக் கிணற்றில் தண்ணீர் நிறைய இருக்கிறது என்பது, தண்ணீர் வியாபாரிக்கும் நிலத் தரகருக்கும் பயன்படும் செய்தி. யார் கிணறு வற்றியது என்பது, நிலத்தைக் குறைந்த விலைக்குக் கேட்பவருக்குப் பயன்படும்.

இதில் இன்னொரு நுட்பம் உண்டு. பட்டியலில் உள்ள ஒரு பத்தியைப் படத்தில் காட்டாமல் மறைத்தாலும், அந்த விவரம் இணையத்தில் ஏறிய உறைக்குள் இருக்கக்கூடும். தெரிந்தவர் திறந்து பார்த்துவிடுவார். எனவே மறைப்பது போதாது. வெளியிடத்தக்க பத்திகள் மட்டும் உள்ள தனி நகல் ஒன்றைத் தயாரித்து, அதை மட்டுமே ஏற்ற வேண்டும். முழுப் பட்டியல் ஊர்க் கணினியிலேயே இருக்கட்டும்.

எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது?

இந்தப் படம் பட்டாவுக்கோ புலப்படத்துக்கோ ஈடாகாது. எல்லைத் தகராறு என்றால் சர்வேயர் வந்து அளந்துதான் தீர வேண்டும். ஆனால் தூர் வாருவதற்கு மனுக் கொடுக்கும்போது, "வாய்க்கால் தூர்ந்துள்ளது" என்று பொதுவாக எழுதுவதைக் காட்டிலும், எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எத்தனை மீட்டர், எந்தத் தேதியில் பார்த்தது என்று படத்தோடு எழுதினால் அதிகாரிகள் நேரே அந்த இடத்துக்கு வந்து பார்க்க முடியும். ஏரி ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. அதன்படி ஏரியின் எல்லையை அளந்து குறிப்பவர்கள் அரசு அதிகாரிகளே. ஊர்ப்படம் அவர்களுக்கு இடத்தைச் சுட்டிக் காட்டும் விரலாக இருக்கும். நீரினைப் பயன்படுத்துவோர் சங்கம் இருக்கும் ஊர்களில், முறைப்பாசனம் வகுப்பதற்கும், ஷட்டர் பழுதுக்குச் செலவு மதிப்பிடுவதற்கும் இதே படம் உதவும்.

இன்னொரு பலனும் உண்டு. தண்ணீர்த் தகராறுகளில் உரத்துப் பேசுபவர் சொல்லே நின்றுவிடுவது வழக்கம். இரு தரப்பாரும் கூட நடந்து பார்த்து ஒப்புக்கொண்ட படம் ஒன்று முன்கூட்டியே இருந்தால், பேச்சு படத்தை வைத்து நடக்கும். அதனால் தலைமடைக்காரர், கடைமடைக்காரர் இருவரையும் சேர்த்துக்கொண்டே நடக்க வேண்டும். ஒரு தரப்பார் மட்டும் வரைந்த படம் புதிய சண்டைக்கு வித்தாகும்.

பராமரிப்பு

ஆண்டுக்கு இருமுறை நடந்து பார்த்தால் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் செப்டம்பரில் ஒருமுறை சென்று, மடையும் வாய்க்காலும் எந்த நிலையில் உள்ளன என்று குறிக்க வேண்டும். மழை முடிந்து ஜனவரியில் மறுபடி சென்று, உடைப்பு, அரிப்பு, நீர்மட்டம் ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். பழைய குறிப்பை அழிக்காமல் புதிய தேதியுடன் சேர்க்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால், எந்த இடம் ஆண்டுதோறும் உடைகிறது என்பது தானாகவே தெரிந்துவிடும்.

உறையை இரண்டு பென்டிரைவில் நகல் எடுத்து, இரண்டு வீடுகளில் வைக்க வேண்டும். வேலை தெரிந்தவர் ஒருவரே இருந்தால், அவர் வேலை தேடி வெளியூர் போனதும் படமும் நின்றுவிடும். தொடக்கத்திலேயே இருவரைப் பழக்க வேண்டும்.

முதல் முறையிலேயே முழு ஊரையும் வரைய முயல வேண்டாம். ஒரு மடை, அதன் வாய்க்கால், அதில் தூர்ந்த இடங்கள் என்ற அளவில் தொடங்கினால் ஓரிரு வாரங்களில் ஒரு சிறு படம் கையில் இருக்கும். அதைப் பார்த்த அடுத்த மடைக்காரர்கள் தாங்களே நடக்க முன்வருவார்கள். நீர்க்கட்டியும் பெரியவர்களும் நம்மோடு கரையில் நடக்கக்கூடிய நிலையில் இருக்கும்போதே இதைத் தொடங்கிவிடுவது நல்லது. மென்பொருளை எப்போது வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். அவர்கள் அறிந்ததை அப்படிப் பெற முடியாது.